ஆளில்லாத படகுத்துறை

அந்தப் படகுத்துறையின் நடுப்பலகையில் ஒரு துளை இருக்கிறது. தையல் ஊசி நுழையும் அளவுதான். மேசை விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் கண்ணில் படும். துளையைச் சுற்றிப் பலகை கொஞ்சம் வெளுத்து, இரண்டு சின்னக் காலடிகளின் வடிவம் தெரியும். துறை முழுவதும் ஒரு செங்கல்லைவிடச் சற்றே பெரிய மரக்கட்டையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதைச் செய்தது நான். ஐஸ்கிரீம் குச்சிகளைப் பலகையாக்கி, தென்னை ஈர்க்குகளைத் தூணாக நட்டு, பழைய மின்கம்பியின் உறையை வளையம் வளையமாக வெட்டி டயர்கள் என்று பக்கவாட்டில் தொங்கவிட்டு, ஒரு மழைக்காலத்தின் பாதியை அதற்குக் கொடுத்தேன். பலகையின் மேல் நின்ற மனிதனைச் செய்தது மாமா. அந்த மனிதன் இப்போது அங்கே இல்லை. மாமாவும் இல்லை. இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் முகத்தைச் சுளித்து "அய்யோ" என்கிறார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை, மாமா பெங்களூரில் சௌக்கியமாக இருக்கிறார். ஆனால் இந்த வீட்டில் இல்லாமல் போவது என்பது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிந்தவர்களுக்கு, நான் ஏன் அந்த வார்த்தையைப் பயன்படுத்துகிறேன் என்று புரியும்.

மாமா, பாலக்காட்டில் பள்ளி ஆசிரியையான என் அம்மாவுக்குத் தம்பி; அவளைச் சேச்சி என்பார். ஃபோர்ட் கொச்சியில் ஒரு ஓட்டலின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தவர். நான் பாலக்காட்டிலிருந்து பொறியியல் படிக்கக் கொச்சிக்கு வந்து, படிப்பு முடிந்தும் வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டு அவர் வீட்டில் தங்கியிருந்த காலத்தில், அந்த வேலையை விட்டிருந்தார். காரணம் தாத்தா. அவருக்கு மறதி என்று சொன்னால் அது சின்ன வார்த்தை. தென்காசிப் பக்கமிருந்து இளவயதில் வந்து, வைப்பினில் ஒரு ஐஸ் கம்பெனியில் இரவு ஷிப்டு பார்த்தே காலத்தைக் கழித்தவர் அவர். அந்தி சாயும்போது மட்டாஞ்சேரி வீட்டிலிருந்து நடந்து, ஃபோர்ட் கொச்சித் துறையில் போட்டு, அதாவது பயணிகள் படகு, ஏறி, அக்கரைக்குப் போய்விடுவார், விடிந்ததும் திரும்புவார். பாட்டி போனது, வேலையிலிருந்து ஓய்வு பெற்றது, என் பெயர், தன் மகனின் பெயர் எல்லாம் ஒவ்வொன்றாக அவரிடமிருந்து கழன்று விழுந்தபோதும் அந்த அந்திநேரம் மட்டும் கழலவில்லை. வெயில் மஞ்சளாகத் தொடங்கினால் எழுந்துவிடுவார். "போட்டுக்கு நேரமாச்சு" என்பார்.

முதலில் சும்மா விட்டிருந்தார்கள். நடந்துவிட்டு வரட்டுமே என்று. ஒருநாள் துறையில் வரிசையில் நின்றவரைத் தெரிந்தவர்கள் கூட்டிக்கொண்டு வந்தார்கள். இன்னொரு நாள் எவனோ புண்ணியவான் பேருந்தில் ஏற்றிவிட, வைட்டிலா நிலையத்தின் பெஞ்சில் உட்கார்ந்து, வருகிற பேருந்தையெல்லாம் பார்த்து "வைப்பினுக்குத்தானே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா அவரைப் பாலக்காட்டுக்கு அழைத்துப்போய் வைத்துப் பார்த்தாள். அங்கே தண்ணீரே இல்லையே. துறையைத் தேடி நெடுஞ்சாலையில் நடக்கத் தொடங்கிவிட்டார். திரும்பக் கொச்சிக்கே கொண்டுவந்து விட்டார்கள். அன்றிலிருந்து வாசல் கதவு உள்பக்கம் பூட்டியே இருந்தது. சாவி ஒரு கறுப்புக் கயிற்றில் மாமாவின் கழுத்தில் தொங்கியது.

எங்கள் வீடு மசாலாக் கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கிறது. சந்து அவ்வளவு ஒடுக்கம். எதிர்ச் சுவரைக் கைநீட்டித் தொட்டுவிடலாம். சுக்கும் மிளகும் கலந்த காரநெடி துணிகளில் ஏறிவிடும். கீழே முன்னறை, பின்னறை, அடுக்களை, அவ்வளவுதான். அந்த முன்னறையில் தினமும் சாயங்காலம் தாத்தா கதவை அடிப்பார். கோபமாக அல்ல. அதுதான் தாங்க முடியாதது. வேலைக்கு நேரமாகிவிட்ட மனிதன் எப்படித் தட்டுவானோ அப்படி, அவசரமாக, மரியாதையாக. "தம்பி, கொஞ்சம் தொறங்க. ஷிப்டுக்குப் போணும். மேஸ்திரி சம்பளத்தப் பிடிச்சிருவான்." தம்பி என்று அவர் கூப்பிடுவது தன் மகனைத்தான், யாரென்று தெரியாமல். மாமா பூட்டுக்கும் தாத்தாவுக்கும் நடுவில் நின்றுகொண்டு, ஓட்டலில் அறை காலியில்லாத விருந்தாளிகளிடம் பேசிய அதே குரலில், "இன்னிக்கு லீவாக்கும் அப்பா, இன்னிக்கு லீவு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். இருட்டி வெகுநேரம் ஆன பிறகுதான் அந்தத் தட்டல் ஓயும்.

அடுத்த வீட்டு அக்கா, இத்தா என்று கூப்பிடுவோம், மாமாவைவிடக் கொஞ்சம் மூத்தவர், சன்னல் கம்பி வழியாக மீன்குழம்புக் கிண்ணத்தை நீட்டுவார். கதவைத் திறந்தால் தாத்தா நழுவிவிடுவார் என்பதால் எங்களுக்குக் காய்கறி, பால், கூரியர் எல்லாமே அந்தக் கம்பி வழியாகத்தான். "எந்தா மோனே, ஜெயிலில் இன்னு விசிட்டிங் டைம் கழிஞ்ஞோ?" என்று, பார்வையாளர் நேரம் முடிந்ததா என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார். மாமாவும் விடமாட்டார். "வார்டனுக்கு உப்பு கொறவு, நாளைக்குக் கொஞ்சம் கூடப் போடணும் இத்தா" என்பார். இப்படிச் சிரித்துக்கொண்டேதான் இருந்தார்கள். ஆனால் மாமா தினமும் காலையில் குளித்து, ஒரு சட்டையைத் தேய்த்து, முழுக்கைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, எங்கும் போகாமல் நாற்காலியில் உட்காருவார். அதைப் பார்த்து யாரும் கிண்டல் செய்யவில்லை.

அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் அவர் சின்ன உருவங்களுக்கு வண்ணம் பூசினார். ரெசின் என்ற பிசினில் வார்த்த, உள்ளங்கைக்குள் அடங்கும் மனிதர்கள். குதிரைவீரன், கொல்லன், குடை பிடித்த சீமாட்டி; எல்லாம் ஐரோப்பாக்காரர்கள். சேகரிப்பவர்கள் அனுப்பிவைப்பார்கள், இவர் வண்ணம் பூசி அனுப்புவார். இந்தப் பழக்கம் அவருக்கு இணையத்தில் பார்த்து வந்தது, எனக்கும் அப்படியே. நான் மனிதர்களைத் தொடமாட்டேன். முகத்தில் தூரிகை வைத்தால் என் கை ஆடும். எனக்கு நிலம்தான் பிடிக்கும். பாறை, சேறு, புல், சுவர்ப் பாசி. கல்லூரியில் மாதிரிக் கட்டடங்கள் செய்யச் சொன்னால் எல்லோரும் கட்டடத்தைச் செய்வார்கள், நான் அதைச் சுற்றியுள்ள சாக்கடையைச் செய்வேன். ஆக ஒரே வீட்டில் ஒருத்தர் நிற்கிறவனைச் செய்கிறார், ஒருத்தி நிற்கிற இடத்தைச் செய்கிறாள். இதற்கு மேல் என்ன வேண்டும்? எர்ணாகுளத்தில் மழைக்காலம் முடிவதற்குள் ஒரு மாதிரிக்கலைக் கண்காட்சி வருகிறது என்று நான்தான் கண்டுபிடித்துச் சொன்னேன். பெங்களூர் ஸ்டுடியோ ஒன்று, திரைப்படங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் சிற்றுருவம் செய்கிறவர்கள், அங்கே ஆள் பார்க்க வரப்போகிறார்கள் என்பதையும். நிபந்தனை ஒன்றுதான்: செய்தவர் நேரில் வந்து தன் மேசைக்குப் பின்னால் நிற்கவேண்டும்.

"நா எப்படி வருவேன்?" என்றார் மாமா.

"ஒரு நாள். அம்மாவ வரச்சொல்லலாம்."

"சேச்சிக்கு அன்னிக்குப் பள்ளிக்கூடம்."

"ஞாயிற்றுக்கிழமைல என்ன பள்ளிக்கூடம்? அம்மா வர்றா. நீங்க செய்யுங்க."

அவர் மறுக்கவில்லை. அன்று மாலையே ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே நீண்ட அங்கி போட்ட வெள்ளைக்காரப் பயணி ஒருவன், ரெசினில், வண்ணமில்லாமல் கிடந்தான். அடுத்து வந்த வாரங்களில் மாமா அந்த அங்கியைச் சிறு கத்தியால் செதுக்கி எடுத்தார். இரண்டு பாகம் கலந்தால் இறுகும் களிமண் போன்ற பசையைப் பிசைந்து, முழங்காலுக்குக் கீழே மடக்கிக்கட்டிய வேட்டியாக வழித்தார். தொப்பி போயிற்று, முன்வழுக்கை வந்தது. கையில் ஒரு துணிப்பை, பையில் தூக்குப்பாத்திரத்தின் உப்பல். கடைசியில், சட்டையின் பின்கழுத்தில் கொக்கியை மாட்டி முதுகில் தொங்கும் ஒரு குடை. அந்தக் குடையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அது தாத்தா. இப்போதும் குடையை அப்படித்தான் மாட்டிக்கொண்டு கதவைத் தட்டுகிறார். மாமாவிடம் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் அந்த உருவம் நின்ற விதம் இருக்கிறதே, அது அவர் வரவேற்பு மேசையில் நின்று பார்த்துப் பார்த்துச் சேர்த்தது. நெடுநேரம் காத்திருக்கிறவர்கள் ஒரு காலில் எடையைப் போட்டு, அந்தக் கால் வலித்ததும் மாற்றப் போகும் முன் ஒரு கணம் இரண்டிலும் இல்லாமல் நிற்பார்களாம். அந்தக் கணத்தில் அவனைப் பிடித்திருந்தார்.

இப்போது என் முறை. எனக்கு எல்லாமே வேண்டும். சீனவலை வேண்டும், ஐஸ் வண்டி வேண்டும், கூடையோடு இரண்டு மீன்காரிகள், மீன் தலையைத் திருடும் பூனை. தாள்தாளாக வரைந்து நீட்டினேன். மாமா ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எடீ, இது கும்பளங்கி டூரிசம் போஸ்டரா?" என்றார். "அவன் நிக்கற எடம் மதி, அது போதும். பாக்கி எல்லாம் அவன் பார்த்துக்குவான்." சண்டை போட்டேன். அப்படியானால் போட்டாவது வேண்டாமா என்றேன். போட்டு வைத்தால் கட்டை இரண்டு மடங்கு நீளமாகிவிடும், பெட்டியில் அடங்காது என்று நானே அளந்து பார்த்ததில் தெரிந்தது. சரி, போட்டு இல்லை. ஒரு துறை, கொஞ்சம் தண்ணீர், ஒரு மனிதன். கட்டையின் விளிம்பில் உலகம் முடிந்துவிடும். அப்போது அது எனக்குக் கஞ்சத்தனமாகப் பட்டது. சாயங்காலங்களில் அந்தத் தட்டலைக் கேட்டுக்கொண்டு, சன்னல் கம்பிக்கு வெளியே மழை ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டு, ஈர்க்குத் தூண்களில் பாசி பூசிக்கொண்டிருந்தபோது, எங்கள் உலகமும் அந்தக் கட்டை அளவுக்குத்தான் இருக்கிறது என்று தோன்றும். எனக்கோ நேர்காணல் அழைப்பு ஒன்றுகூட வரவில்லை. தினமும் மின்னஞ்சலைத் திறந்து மூடுவேன். தாத்தா கதவைத் தட்டுவதும் நான் அந்தச் செயலியைத் தட்டுவதும் ஒன்றுதான் என்று மாமா ஒருமுறை சொன்னார். எனக்குச் சுருக்கென்றது, சிரித்துவிட்டேன்.

பலகைகளைச் சாயாத் தண்ணீரில் ஊறவைத்துச் சாம்பல் நிறம் ஏற்றினேன். காகிதம் துளைக்கும் கருவியில் விழும் பொட்டுகளைப் பச்சை பூசி, ஓரத்தில் ஒதுங்கும் ஆகாயத்தாமரையாக ஒட்டினேன். உருவத்தின் உள்ளங்காலில் மாமா ஒரு மெல்லிய கம்பியை இறக்கியிருந்தார். அதற்காக நடுப்பலகையில் துளையிட்டு அவனை நட்டோம். நட்டதும் அவன் உயிர்பெற்றுவிட்டான். அவனையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசி வேலை தண்ணீர். இரண்டு குப்பிகளில் வரும் ரெசினைச் சரிபாதி கலந்து, வண்ணம் சேர்த்து, கட்டையைச் சுற்றி வேலி கட்டி ஊற்றவேண்டும். ஒரு நாளில் கண்ணாடியாக இறுகிவிடும். நான் நீலத்தில் ஒரு துளி பச்சை சேர்த்தேன். மாமா எட்டிப்பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இது மாலத்தீவாக்கும். நம்ம கழிமுகத்துத் தண்ணிக்கு எப்பவாடீ நீல நெறம்? பாலு கொறஞ்ச சாயா மாதிரி வேணும்."

எனக்கு ரோஷம். பழுப்பு வண்ணக் குழாயை எடுத்துப் பிதுக்கினேன். இன்னும் நீலம் தெரிகிறது என்றார், இன்னும் பிதுக்கினேன். கொஞ்சம் மஞ்சள். கொஞ்சம் கறுப்பு. நிறம் வந்தது, அச்சு அசலாக ஃபோர்ட் கொச்சித் துறையின் தண்ணீர், எண்ணெய் மினுக்கு உட்பட. ஊற்றினோம். தண்ணீர் கலந்த வண்ணத்தை ரெசினில் அத்தனை தாராளமாக விடக்கூடாது, விட்டால் இலேசில் இறுகாது என்பது எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். நிறம் சரியாக வந்த சந்தோஷத்தில் அது எங்கே போயிற்றோ. மறுநாள் காலையில் தொட்டுப் பார்த்தேன். அல்வா மாதிரி இருந்தது. மாலையிலும் அல்வா. மழையும் விடவில்லை. மின்விசிறிக்கு அடியில், மேசை விளக்குக்கு அடியில் மாற்றி மாற்றி வைத்தோம்.

அன்று அந்தியில் தாத்தா தட்டத் தொடங்கி நேரமாகியிருந்தது. மாமா வாசலில் நின்று "இன்னிக்கு லீவு அப்பா" சொல்லிக்கொண்டிருந்தார். வழக்கமாகத் தாத்தா பின்னறைக்கு வருவதே இல்லை. அன்று என்னவோ, வேறு வழி இருக்கிறதா என்று தேடுகிறவர் போல உள்ளே வந்தார். விளக்கு வெளிச்சத்தில் இருந்த கட்டையைப் பார்த்தார். குனிந்தார். அவர் முகம் அந்தச் சின்ன மனிதனின் முகத்துக்கு நேராக வந்தது. இரண்டு முதுகிலும் இரண்டு குடைகள். என் வேலை பாழாகப் போகிறது என்று நான் கையை நீட்டினேன். மாமா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தாத்தா ஆள்காட்டி விரலைத் துறையின் ஓரத்தில், தண்ணீரில் வைத்தார். அப்படியே மெதுவாக இழுத்துக்கொண்டு போனார், தூண்களைத் தாண்டி, ஆகாயத்தாமரையை விலக்கி, கட்டையின் விளிம்பு வரைக்கும். ரெசின் அவர் விரலுக்கு வழிவிட்டு இரண்டு பக்கமும் மெல்லிய வரப்பாக ஒதுங்கியது. துறையைவிட்டுக் கிளம்பிப் போன போட்டுக்குப் பின்னால் தண்ணீரில் ஒரு தடம் விரியுமே, அதே தடம்.

"போட்டு போயிட்டுல்லா" என்றார் தாத்தா. அந்த மனிதனிடம்தான் சொன்னார். "இனிமே எதுக்கு நிக்க? வீட்டுக்குப் போ."

பிறகு விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, முன்னறைக்குப் போய், குடையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் மழைச் சத்தம் கேட்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் சன்னலில் இத்தாவின் முகம். "எந்து பற்றி? இன்னு சத்தம் ஒன்னும் கேட்டில்லல்லோ. உப்பூப்பாக்கு சுகமில்லே?" தட்டல் கேட்காததால் பெரியவருக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பயந்து ஓடிவந்திருந்தார். மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் அந்தியிலும் தாத்தா எழுந்தார். மாமா கட்டையை முன்னறை மேசைக்குக் கொண்டுவந்து வைத்தார். தாத்தா குனிந்து தடத்தைப் பார்த்தார். "போயிட்டு" என்றார், உட்கார்ந்துவிட்டார். அதற்கடுத்த நாள் தூசி விழாமல் இருக்க நான் அட்டைப்பெட்டியால் மூடிவைத்திருந்தேன், எடுக்க மறந்துவிட்டோம். பழையபடி கதவு அதிர்ந்தது. பெட்டியை எடுத்ததும் அடங்கியது. போட்டு வராததுதான் அத்தனை நாளும் அவரைக் கொன்றிருக்கிறது போலும். போய்விட்டது என்று கண்ணால் பார்த்துவிட்டால் போதும், மனிதர் நிம்மதியாகிவிடுகிறார். இதை எந்த மருத்துவரும் எங்களுக்குச் சொல்லவில்லை, மருத்துவர்மேல் குறையும் இல்லை. யாருக்குத்தான் தெரியும்?

இதையெல்லாம் மாமா சந்தோஷமாகத்தான் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் அவர் முகம் நாளுக்கு நாள் இறுகியது. எனக்கும் காரணம் தெரிந்தது. கண்காட்சிக்குக் கட்டை போகவேண்டும். பரிசு, தேர்வு என்று கூடுதலாகப் பல நாள் அவர்களிடமே இருக்கவேண்டும். கட்டை போனால் தாத்தா மறுபடி கதவுக்கு. கட்டை இருந்தால் மாமா மறுபடி நாற்காலிக்கு. வெளியே போவதற்கென்று செய்த பொருள் வீட்டுக்குள் இன்னொரு பூட்டாகிவிட்டது. நான் அவசரமாக இன்னொரு துறை கட்டினேன். இந்தத் தடவை நிறத்தில் அடக்கம். ஆனால் இறுகுவதற்குள் என் விரலாலேயே கோடும் இழுத்தேன். தாத்தா அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது எந்த ஊரு?" என்று கேட்டுவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினார். படம் பிடித்துப் பெரிதாக அச்சிட்டுக் காட்டினேன். அதைக் கையில் வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டினார்.

கண்காட்சிக்கு முந்தின நாள் அம்மா தொலைபேசியில் அழைத்தாள். என் அப்பாவுக்குக் காய்ச்சல், வரமுடியாது. "ஒரு பொம்மைக்குப் போய் ரெண்டு பேரும் இப்படி நிக்கறீங்களே" என்றாள். மாமா "சாரமில்ல சேச்சி, பரவால்ல" என்று சொல்லி வைத்துவிட்டார். அன்று சாயங்காலமும் எங்கள் மூன்று பேரின் முன்னாலும் அந்தப் போட்டு போனது.

காலையில் நான் எழுந்து வந்தபோது மாமா குளித்து, தேய்த்த சட்டையோடு, மேசையில் குனிந்திருந்தார். கையில் மெல்லிய கத்தி. உருவத்தின் காலடியில் அதை நுழைத்து, பல் பிடுங்குவது மாதிரி அசைத்து அசைத்து அவனை எடுத்துவிட்டார். கம்பி நீண்டிருக்க, பலகையில் துளை தெரிந்தது. பக்கத்தில் வண்ணம் பூசாத ஒரு மரத்துண்டு. அதில் அவனை நட்டார். நிலமில்லாமல் தண்ணீரில்லாமல், மொட்டையாக. அது என் முதல் வேலை. அட்டையில் அவர் பெயருக்குக் கீழே என் பெயரும் வரவேண்டியது.

"அப்ப என் துறை?" என்றேன்.

மாமா என்னைப் பார்க்கவில்லை. "அது இங்க வேணும்." பிறகு, "இல்ல, நீ போ. அவனத் திரும்ப வச்சுத் தர்றேன். ரெண்டையும் நீ எடுத்துட்டுப் போ. அங்க வர்றவங்க உன்ன எடுத்துக்கட்டும். எனக்கு இது ஒண்ணும் புதுசில்ல" என்றார். பொய்யில்லை, சொன்னால் செய்கிறவர். திரும்ப நடுவதற்குக் கத்தியைக்கூட எடுத்துவிட்டார். நான் பார்த்தது அவர் சட்டையை. மடிப்பு கலையாத அந்த முழுக்கைச் சட்டை. எத்தனை காலையில் அதைத் தேய்த்திருக்கிறார், யார் பார்க்க என்று. அதற்கு மேல் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருப்பேனா என்று நிச்சயமாகச் சொல்லமுடியாது. கையை நீட்டினேன்.

"சாவியக் குடுங்க."

"எடீ..."

"குடுங்க மாமா. போட்டு போயிரும்."

அவர் கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றியபோது கழுத்தில் ஒரு வெளிறிய கோடு இருந்தது. கதவைத் திறந்து அவரை வெளியே விட்டு, தாத்தா எழுந்து வருவதற்குள் பூட்டினேன். சன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். சந்தின் திருப்பம்வரை பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வேகமாக நடந்தார். திருப்பத்தில் நின்றார். எந்தப் பக்கம் போவது என்று ஒரு கணம் மறந்துவிட்டவர் போல.

அந்த அந்தி வருவதற்குள், வெயில் மஞ்சளாகிறதா என்று எத்தனையோ தடவை சன்னலில் எட்டிப் பார்த்தேன். ஆளில்லாத துறையைத் தாத்தா ஏற்றுக்கொள்வாரா? முன்னறை மேசையில் கட்டையை வைத்துவிட்டு, கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றேன். மாமா நிற்கும் அதே இடத்தில். தாத்தா குடையை மாட்டிக்கொண்டு வந்தார். குனிந்தார். நெடுநேரம் பார்த்தார். விரலால் துளையைத் தொட்டார். அதன்பின் தண்ணீரிலிருந்த தடத்தை. என்னை நிமிர்ந்து பார்த்தபோது அவர் முகத்தில் சிரிப்பு.

"ஏறிட்டான்" என்றார். "எவ்வளவு நேரமா நின்னாம், பாவம்."

மாமா, அவனைத் தேர்வுக்காக அங்கேயே விட்டுவிட்டு, இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்து, கைகால்கூடக் கழுவாமல் நடந்ததைச் சொன்னார். பரிசு இல்லை. எல்லாருடைய மேசையிலும் காடும் மலையும் கோட்டையும் இருக்க, இவர் மேசையில் மரத்துண்டில் ஒருவன். பலபேர் நிற்காமலே போய்விட்டார்கள். ஸ்டுடியோவிலிருந்து வந்த பெண்மணி மட்டும் திரும்பி வந்து குனிந்திருக்கிறார். இந்தச் சின்ன மனிதர் எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று கேட்டாராம். போட்டை என்றாராம் மாமா. எங்கே போட்டு என்று கேட்டதற்கு, "வீட்ல இருக்கு" என்று வாயில் வந்துவிட்டதாம். அதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பை நான் அதுவரை அந்த வீட்டில் கேட்டதில்லை. இத்தா சன்னலுக்கே வந்து, "ஜெயிலில் பிரியாணியோ?" என்று கேட்டார்.

சில வாரங்களில் பெங்களூரிலிருந்து வேலை வந்தது. கொஞ்ச நாள் மட்டும் நீ இரு, நான் இடம் பார்த்து அப்பாவை அழைத்துக்கொள்கிறேன் என்றார் மாமா. பெங்களூரில் ஏது துறை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருவரும் அதைப் பேசவில்லை. எனக்கும் வீட்டிலிருந்தே செய்யும் வரைபட வேலை ஒன்று கிடைத்தது. கிடைத்தது என்பதைவிட, வீட்டிலிருந்தே செய்யக்கூடியது என்பதால் எடுத்துக்கொண்டேன். மாமா வரும்போதெல்லாம் சாவியைக் கேட்டு வாங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொள்வார், இரண்டு நாளைக்கு. அந்த இரண்டு நாளும் நான் வைப்பினுக்கும் எர்ணாகுளத்துக்கும் சும்மா போட்டில் போய்வருவேன். மேல்தளத்தில் நின்று பின்பக்கமே பார்த்துக்கொண்டிருப்பேன், தடம் விரிந்து கலைவதை. திரும்பி வந்ததும் அவர் சாவியை என் கையில் வைக்கும்போது முகத்தைப் பார்க்கமாட்டார். யாரும் அதை என் கழுத்தில் மாட்டிவிடவில்லை, நான்தான் கேட்டு வாங்கினேன். அதை அவரிடம் சொல்லியும் பார்த்துவிட்டேன். அவர் சட்டைகள் இப்போது தேய்க்காமல் கசங்கியிருக்கின்றன. அதைப் பார்க்க எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது. என் சட்டையை நான் தினமும் தேய்க்கிறேன்.

ரெசின் எப்போதோ கல்லாக இறுகிவிட்டது. தாத்தா இழுத்த கோட்டின் அடியில் அவர் விரல்ரேகைகூடத் தெரிகிறது. நேற்று அந்தியில் மேசை விளக்கைப் போட்டேன். அவர் வந்து குனிந்து, தடத்தைப் பார்த்தார், துளையைப் பார்த்தார். "போயிட்டு" என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்ற என்னையே பார்த்தார். நின்று நின்று எனக்கு இடதுகால் வலித்தது, மாற்றப் போனேன்.

"நீயும் போட்டுக்குத்தான் நிக்கியாட்டி?" என்றார்.

"ஆமா தாத்தா."

அவர் தலையை ஆட்டினார். பின்கழுத்திலிருந்த குடையைக் கழற்றி, ஆணியில் மாட்டாமல், என் கையில் கொடுத்தார்.

"நில்லு" என்றார். "அடுத்தது வரும்."

அவர் போய் உட்கார்ந்த பிறகும் நான் அங்கேயே நின்றேன். விளக்கின் கீழே நடுப்பலகையில் அந்தத் துளை, கறுப்பாக, ஊசி நுழையும் அளவுக்கு, ஆளுக்காகக் காத்திருந்தது.